ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே

இந்திய மின்சாரத்துக்கு ஒரு சுருதி உண்டு. ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே. ஸ்ரீநகர் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் நாகர்கோவில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் இரவு பகலாக இந்த ஒரே சுருதியில்தான் முனகிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சுருதியை வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்பதற்கு மிக நல்ல கருவி, கோளாறான ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபையர்.

பெரம்பூரில் ரயில் பாதையைப் பார்த்த ஒரு மாடி அறை என்று வைத்துக்கொள்வோம். ரயில்வே பணிமனைகளைச் சுற்றி வளர்ந்த இந்த ஊரில் கிட்டார் புதிய பொருள் அல்ல. அந்தப் பணிமனைகளில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிட்டாரை இங்கே ஊன்றி வளர்த்தன. மாதா கோயில் பாட்டுக்குழு, கானா மேடை, காலேஜ் பையன்களின் பேண்டு என்று அது இன்றும் எங்காவது ஒலிக்கிறது. நம் அறையிலும் ஒரு பையன் ஆம்ப்ளிஃபையரைப் போடுகிறான். உள்ளே ஒலியைப் பெருக்கும் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவக்கின்றன. விரல் இன்னும் கம்பியைத் தொடவில்லை. அதற்குள் ஸ்பீக்கரிலிருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் அறையை நிரப்புகிறது. "ஹம் வருதுண்ணா" என்று ரிப்பேர் செய்யும் அண்ணனுக்கு போன் போடுகிறான். அவர் கேட்கும் முதல் கேள்வி: "எப்படி வருது? ம்ம்முன்னு வருதா, கர்ருனு வருதா?"

அந்தக் கேள்விக்குள் பாதி வைத்தியம் இருக்கிறது. ஏன் என்று புரிய, முதலில் அந்த ஒலியின் ஊரைத் தேடிப் போகவேண்டும்.

நம் வீட்டு மின்சாரம் ஒரே பக்கமாக ஓடுவதில்லை. முன்னும் பின்னுமாக நொடிக்கு 50 முறை ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் முன்பக்கம் ஒரு தள்ளு, பின்பக்கம் ஒரு தள்ளு. திசையைப் பொருட்படுத்தாத எந்தப் பொருளுக்கும் அது நொடிக்கு 100 தள்ளு. கிட்டாரின் தடித்த கம்பியை மூன்றாவது கட்டத்தில் அழுத்தி மீட்டினால் நொடிக்கு 98 அதிர்வு. அந்த ஸ்வரம்தான் ஐந்து கட்டை. நூறு என்பது அதற்கு ஒரு மயிரிழை மேலே, இரண்டு ஸ்வரங்களுக்கு இடையில் மூன்றில் ஒரு பங்கு தூரம் ஏறி நிற்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 முறை ஆடுவதால் அங்கே ரீங்காரத்தின் சுருதியே வேறு. ஒரு பழைய ஒலிப்பதிவில் பின்னணி முனகலைக் கேட்டே அது எந்தக் கண்டத்தில் பதிவானது என்று ஊகிக்க முடியும்.

இந்த ஐம்பது எங்கிருந்து வருகிறது? பெரம்பூரிலிருந்து வடக்கே, எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. அங்கே நிலக்கரியை எரித்து உண்டாக்கும் நீராவி, ஒரு பிரம்மாண்டமான தண்டைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று. அறுபதால் வகுத்துப் பாருங்கள்: நொடிக்குச் சரியாக 50. தண்டோடு சேர்ந்து ஒரு காந்தம் சுழல்கிறது; காந்தம் ஒரு சுற்று சுற்றினால் மின்சாரம் ஓர் ஆட்டம் ஆடுகிறது. பையன் அறையில் கேட்கும் முனகல், பல டன் எடையுள்ள அந்த இரும்புத் தண்டின் சுழற்சிதான். கம்பி வழியே வந்து அறைக்குள் பாடுகிறது.

அத்திப்பட்டுத் தண்டு மட்டும் அல்ல. நாடு முழுவதும் ஒரே வலையாகப் பின்னப்பட்ட மின்தொகுப்பில் இணைந்த எல்லா அனல் மின் தண்டுகளும் ஒன்றோடொன்று கைகோத்தபடி ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. ஒன்று மட்டும் முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது. தென்னிந்தியா இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்பாதை இணைந்தபோது. அதுவரை சென்னையின் ரீங்காரமும் டெல்லியின் ரீங்காரமும் தனித்தனிச் சுருதி. அன்றிலிருந்து ஒரே சுருதி.

சுருதி எப்போதும் அப்படியே நிற்பதும் இல்லை. மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போட்டால் தண்டுகளின் மேல் சுமை ஏறி, அவை துளியளவு தளர்கின்றன. ரீங்காரம் ஒரு நூல் இறங்குகிறது. மின்சாரத்தின் ஆட்டத்தை நொடிக்கு 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே நிறுத்தி வைப்பதுதான் மின்தொகுப்பைக் காக்கும் பொறியாளர்களின் ஓயாத வேலை. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு, கொரோனா ஊரடங்கில், ஒன்பது நிமிடம் நாடே விளக்கை அணைத்தது நினைவிருக்கும். சுமார் 31,000 மெகாவாட் தேவை மளமளவென்று குறைந்து மறுபடி ஏறியது. அந்தச் சிறு பொழுதில் அலைவு 49.70-க்கும் 50.26-க்கும் இடையே ஆடியது. நல்ல காதுள்ள வயலின் வித்வான் ஒருவர் அப்போது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றிருந்தால், சுருதி அசைந்ததை உணர்ந்திருக்கக்கூடும்.

இந்த நுண்ணிய ஏற்ற இறக்கம் ஒவ்வொரு நாளும் வேறு வேறு, கைரேகை போல. லண்டன் பெருநகரக் காவல்துறையின் தடயவியல் ஆய்வகம் 2005 முதல் மின்சாரத்தின் முனகலை இடைவிடாமல் பதிவு செய்து சேமித்து வருகிறது. வழக்குக்கு வரும் ஓர் ஒலிப்பதிவின் பின்னணியில் கேட்கும் ரீங்காரத்தை அந்தச் சேமிப்போடு ஒப்பிட்டால், அது எந்த நாள் எத்தனை மணிக்குப் பதிவானது, நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் வெளிப்படும். நாம் தொல்லை என்று ஒதுக்கும் ஒலி, சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசுகிறது.

சரி, நம் அறைக்குத் திரும்புவோம். ரீங்காரம் எந்த வாசல் வழியே உள்ளே வருகிறது? முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். கிட்டார் ஒயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து பிடுங்குங்கள். ஒலி நின்றுவிட்டால் குற்றவாளி வெளியே இருக்கிறான்: கிட்டார், ஒயர், அல்லது அறையே. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கிறான். ஒரு வினாடியில் தேடல் பாதியாகக் குறைந்துவிட்டது.

முதலில் வெளியே தேடுவோம், ஏனென்றால் கிட்டாரின் வயிற்றில் ஓர் அதிசயம் இருக்கிறது. கம்பிகளுக்கு அடியில் உள்ள பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒரு செம்புக் காயில். தலைமுடியைவிட மெல்லிய கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டரை எட்டும். சுற்றி வைத்தால் விரல் நீளப் பெட்டிக்குள் அடங்கும். எஃகுக் கம்பி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, காயிலில் ஒரு மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. அத்திப்பட்டு ஜெனரேட்டரில் நடப்பதும் இதே காரியம்தான். கிட்டாரில் சுழல்வதற்குப் பதில் அதிர்கிறது, அவ்வளவே.

ஆனால் காயிலுக்குக் கம்பியின் அசைவு எது, அறையின் அசைவு எது என்று தெரியாது. சுவருக்குள் ஓடும் ஒயர், ஃபேன் மோட்டார், டியூப்லைட் சோக், ஆம்ப்ளிஃபையரின் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் நொடிக்கு 50 முறை ஆடும் காந்தப்புலத்தை அறைக்குள் பரப்பிக்கொண்டிருக்கின்றன. காயில் அதையும் பாடலாகவே எடுத்துக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபையர் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கித் தருகிறது.

இங்கே வைத்தியம் வியக்கத்தக்க அளவுக்கு எளிது. கிட்டாரைப் பிடித்தபடி மெல்ல ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு திசையில் ரீங்காரம் கூடும், ஒரு திசையில் ஏறக்குறைய மறையும். காந்தப்புலம் காயிலுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் நழுவிப் போகும் திசை அது. அடுத்து, ஆம்ப்ளிஃபையரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் புலம், தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகவும், மும்மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்காகவும் சுருங்குகிறது. இரண்டடி நகர்வது பல ஆயிரம் ரூபாய் செலவை மிச்சப்படுத்தலாம்.

பெரம்பூர் அறைக்கு இன்னொரு அண்டை வீட்டாரும் உண்டு. ஜன்னலுக்கு வெளியே, தண்டவாளத்துக்கு ஐந்தரை மீட்டர் உயரத்தில் 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அதுவும் 50 அலைவுதான். ஆறாயிரம் குதிரைத்திறன் எஞ்சின் முழு இழுப்பில் கிளம்பும்போது ஏறக்குறைய 200 ஆம்பியர் மேல்கம்பியில் வந்து, சக்கரம் வழியே தண்டவாளத்தில் இறங்கித் திரும்புகிறது. மேல்கம்பியும் தண்டவாளமும் சேர்ந்தால் அது கிலோமீட்டர்கள் நீளமான ஒற்றைச் சுற்றுக் காயில். இதன் தூண்டல் எவ்வளவு வலுவானது என்றால், மின்ரயில் வந்தபோது பாதையோரம் தூண்களில் தொங்கிய தொலைபேசிக் கம்பிகளை அகற்றி, கவசமிட்ட கேபிள்களாக மண்ணுக்கடியில் புதைக்கவேண்டியிருந்தது. பாதையை ஒட்டியே இருக்கும் அறையில் வண்டி கிளம்பும்போது ரீங்காரம் பெருகி, கடந்தபின் தணிந்தால் ஆச்சரியமில்லை.

கிட்டார்க்காரர்கள் இந்த ரீங்காரத்தோடு கால் நூற்றாண்டு குடித்தனம் நடத்தினார்கள். பிறகு கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் என்ற பொறியாளர் ஒரு காரியம் செய்தார். ஒரு காயிலுக்குப் பதில் இரண்டு. இரண்டாவதில் கம்பியை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். காந்தத்தையும் தலைகீழாக வைத்தார். அறையிலிருந்து வரும் ரீங்காரம் இரண்டு காயிலையும் ஒரே மாதிரி தொடுகிறது. சுற்று எதிர் எதிர் என்பதால் ஒன்றில் மேடு, மற்றதில் பள்ளம், கூட்டினால் சூனியம். ஆனால் எஃகுக் கம்பியின் அசைவு வருவது காந்தத்தின் வழியே. காந்தமும் தலைகீழ், சுற்றும் தலைகீழ். இரண்டு தலைகீழ் சேர்ந்தால் நேர். பாட்டு மட்டும் இரட்டிப்பாகிறது. எதிரியையும் நண்பனையும் ஒரே வாசலில் விட்டு, எதிரியை மட்டும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்யும் இந்த ஏற்பாட்டை நான் எத்தனை முறை விளக்கினாலும் அலுப்பதில்லை. 1955 ஜூனில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ரீங்காரத்தைக் கொல்லும் அந்தப் பிக்கப்புக்குப் பெயரே ஹம்பக்கர்.

இன்னொரு நுட்பமான சோதனை: ரீங்காரம் வரும்போது கிட்டார் கம்பிகளை வெறுமனே தொடுங்கள். பெரும்பாலான கிட்டார்களில் ஒலி உடனே குறையும். உள்ளே ஏதோ உடைந்திருப்பதாகப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் ஆன்டெனாவாக நின்றது நீங்கள்தான். உப்பும் நீருமான மனித உடல், சுவர் ஒயர்களின் மின்புலத்தை வாங்கி, நெஞ்சோடு அணைத்திருக்கும் கிட்டாருக்குக் கடத்துகிறது. கம்பிகள் உள்ளே எர்த்தோடு இணைந்திருக்கின்றன. தொட்டவுடன் உங்கள் உடலும் எர்த் ஆகி, ஆன்டெனாவாக இருந்தது கவசமாக மாறிவிடுகிறது. தொட்டால் ஒலி கூடுகிறது என்றால் மட்டும் கவலைப்பட வேண்டும்: எங்கோ எர்த் அறுந்திருக்கிறது.

இனி ஆம்ப்ளிஃபையருக்குள். ஒயரைப் பிடுங்கியும் ஒலி நிற்கவில்லை. வால்யூம் குமிழைத் திருப்புங்கள். ரீங்காரம் கூடிக் குறைந்தால் கோளாறு அந்தக் குமிழுக்கு முந்தைய படியில். அசையாமல் அப்படியே நின்றால் அதற்குப் பிந்தைய படியில். குமிழே இங்கே ஒரு எல்லைக்கல்.

இப்போது ரிப்பேர் அண்ணனின் கேள்விக்கு வருவோம். ஒரு ஆம்ப்ளிஃபையர் இரண்டு விதமாக முனகும். மிருதுவான, அடிவயிற்றிலிருந்து வரும் ஐம்பது ஒன்று. கொஞ்சம் முள்ளோடு கரகரக்கும் நூறு மற்றொன்று. ஐம்பது கேட்டால், மின்சாரம் எங்கோ பச்சையாக உள்ளே கசிகிறது. நூறு கேட்டால், மின்சாரம் முறையான வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் சரியாகப் பக்குவப்படவில்லை. ஐம்பதைக் கேட்கக் காதைத் தீட்டவேண்டும். மனிதக் காது அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு மந்தமானது. நூறு சுலபமாகக் காதில் விழும், தன்னோடு 200, 300, 400 என்று மடங்குகளையும் கூட்டி வருவதால். தம்பூராவின் நாதம் செழிப்பது எதனால்? இப்படி அடுக்கடுக்கான மடங்குகளால்தான்.

பக்குவப்படுத்துவது என்றால் என்ன? வால்வுகளுக்கு ஆடாத, அசையாத, ஒரே பக்கமாக ஓடும் மின்சாரம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை நானூறு சொச்சமாக உயர்த்துகிறது. அதன்பின் ரெக்டிஃபையர், அதாவது ஒருவழிக் கதவு, பின்பக்கத் தள்ளுகளையும் முன்பக்கம் திருப்பிவிடுகிறது. இப்போது எல்லாத் தள்ளும் ஒரே திசையில், நொடிக்கு 100. ஆனால் இது விட்டுவிட்டு வரும் மின்சாரம். சென்னைவாசிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தால் என்ன செய்வோம்? மொட்டைமாடியில் தொட்டி வைப்போம். தண்ணீர் வரும்போது தொட்டி நிரம்பும். வராதபோது தொட்டியிலிருந்து இறங்கும். சமையலறைக் குழாய்க்கு எப்போதும் ஒரே சீராக வரும்.

அந்தத் தொட்டியின் பெயர் கண்டன்சர், பாடப்புத்தகத் தமிழில் மின்தேக்கி. நொடிக்கு நூறு முறை நிரம்பி நூறு முறை இறங்குகிறது. 50 மைக்ரோஃபாரட் கொள்ளளவு, பத்தில் ஒரு ஆம்பியர் செலவு என்றால், ஒரு தள்ளுக்கும் அடுத்த தள்ளுக்கும் இடையே மட்டம் சுமார் 20 வோல்ட் இறங்கும். நானூறில் இருபது. வயதாகிக் கொள்ளளவு பத்தாகச் சுருங்கிவிட்டால் இறக்கம் நூறு வோல்ட்டை நெருங்கும். அந்த அலைதான் ஸ்பீக்கரில் ஐந்து கட்டைக்கு மேலே பாடுகிறது.

கண்டன்சரை அறுத்துப் பார்த்தால் இன்னொரு வியப்பு. சுருட்டிய அலுமினியத் தகடு, இடையில் ஈரக் காகிதம். இரண்டு பக்கத்து மின்சாரத்தையும் பிரித்து நிற்கும் சுவர் எது? தகட்டின் மேல் படிந்த அலுமினிய ஆக்ஸைடு. நம் வீட்டு அலுமினியக் குண்டானின் மேல் தானாகப் படியும் அதே பொருள். அதன் தடிமன் தலைமுடியில் நூறில் ஒரு பங்கு. அந்த மெல்லிய படலம் 450 வோல்ட்டை ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது. எங்காவது சிறு ஓட்டை விழுந்தால், ஈரக் காகிதத்தில் உள்ள திரவமே மின்சாரத்தின் துணையோடு புதிய ஆக்ஸைடை வளர்த்து அடைத்துவிடுகிறது. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் உதிரிப்பாகம்.

அதன் எமன் வெப்பம். ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றுகிறது. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. மே மாதப் பெரம்பூர், காற்றில்லாத மாடி அறை, பக்கத்திலேயே தணல் போன்ற வால்வுகள். பத்து இருபது ஆண்டுகள் பழைய ஆம்ப்ளிஃபையர் நூறில் முனக ஆரம்பித்தால், அனுபவசாலி முதலில் பார்ப்பது கண்டன்சரின் தலை உப்பியிருக்கிறதா, ஓரத்தில் கசிவு காய்ந்திருக்கிறதா என்றுதான். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் இந்தத் தொட்டி நிரம்பியே இருக்கலாம். நானூறு வோல்ட் உயிரைக் குடிக்கும். மூடியைத் திறப்பது, தொட்டியை முறையாகக் காலி செய்யத் தெரிந்தவர் வேலை. வெளியே நின்று காதால் செய்யும் சோதனைகள் மட்டுமே நம் வேலை.

நல்ல ஆம்ப்ளிஃபையரில் ஒரு தொட்டி மட்டும் இருக்காது. முதல் தொட்டியின் கலங்கல் இரண்டாவதில் தெளிகிறது, இரண்டாவதன் மிச்சம் மூன்றாவதில். நடுவே ஒரு சோக்கும் இருக்கலாம், டியூப்லைட்டில் பார்த்த அதே சோக். மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை அது எதிர்த்து நிற்கிறது. கடைசித் தொட்டியின் தெளிந்த நீர் முதல் வால்வுக்கு. அங்கேதான் கிட்டாரின் மிக மெல்லிய குரல் நுழைகிறது. அங்கே ஒரு துளி கலங்கல் சேர்ந்தாலும் அடுத்தடுத்த படிகள் அதைப் பெருக்கிவிடும். கடைசியில் உள்ள பெரிய வால்வுகளுக்கோ முதல் தொட்டியின் கலங்கிய நீரே போதும். காரணம், அங்கே சேத் லவரின் தந்திரத்துக்கு அண்ணன் முறையான ஒரு தந்திரம் வேலை செய்கிறது. இரண்டு வால்வுகள் எதிரெதிராக நின்று ஒரே டிரான்ஸ்ஃபார்மரை இழுக்கின்றன. பாட்டு ஒன்றுக்கு மேடாகவும் மற்றதற்குப் பள்ளமாகவும் வருகிறது; டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டும் கூடுகின்றன. கலங்கல் இரண்டுக்கும் ஒன்றாகவே வருகிறது. அங்கே அடிபட்டுப் போகிறது. ஜோடியில் ஒரு வால்வு கிழடுதட்டினால் சமநிலை சரிந்து நூறு எட்டிப் பார்க்கும். கண்டன்சரை மாற்றியும் ரீங்காரம் போகாதவர்கள் இந்த ஜோடியைச் சந்தேகிக்கலாம்.

ஐம்பது கேட்டால் தேடல் வேறு பக்கம் போகிறது. வால்வைச் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ட், அதுவும் பச்சை மின்சாரம். மூன்று சிறிய வால்வும் இரண்டு பெரிய வால்வும் சேர்ந்தால் நாலு ஆம்பியர் வரை ஓடும் அந்தக் கம்பிகள், முதல் வால்வின் மிக அருகே செல்கின்றன. திறந்து பார்த்தால் போகும் கம்பியும் வரும் கம்பியும் இறுக்கமாகச் சடை பின்னியிருக்கும். அழகுக்கு அல்ல. ஒரு முறுக்கில் பிறக்கும் காந்தப்புலத்தை அடுத்த முறுக்கின் புலம் எதிர்த்து அழித்துவிடுகிறது. தொலைபேசிக் கம்பிகளுக்காக 1881-ல் கிரஹாம் பெல் கண்ட உத்தி இது. உங்கள் வீட்டு இன்டர்நெட் கேபிளை வெட்டினால் அதே சடை, நாலு ஜோடியாக.

இன்னொரு ஐம்பது, எர்த்திலிருந்து வருவது. கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒரு பிளக்கில், மைக்செட் ஆம்ப்ளிஃபையர் அறையின் மறுமூலையில் இன்னொரு பிளக்கில். இரண்டையும் ஒரு ஒயரால் இணைத்தவுடன் ரீங்காரம் கிளம்புகிறது. தனித்தனியே இரண்டும் குற்றமற்றவை! சேர்த்தால் எர்த் ஒரு வளையம் ஆகிவிடுகிறது: சுவருக்குள் ஒரு பக்கம், ஒயரின் கவசத்தில் மறுபக்கம். அறை அளவு பெரிய ஒற்றைச் சுற்றுக் காயில் அது. எளிய தீர்வு, இரண்டுக்கும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து மின்சாரம் கொடுப்பது, வளையம் ஒடுங்கிவிடும். சரியான தீர்வு, நடுவே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டி. பாட்டு காந்தம் வழியே தாண்டிப் போகும், எர்த் தாண்டாது.

செய்யக்கூடாத தீர்வு ஒன்று உண்டு, அதைச் செய்பவர்களைப் பார்த்தால் என் வயிறு கலங்குகிறது. பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது. ரீங்காரம் போகும், உண்மைதான். நம் மூன்று பின் பிளக்கைக் கவனித்திருக்கிறீர்களா? மேலே உள்ள எர்த் பின் மற்ற இரண்டையும்விடத் தடிமன், நீளம். சொருகும்போது அது முதலில் தொடவேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரியவேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். அது வழிநடத்தும் இடம், வீட்டோரம் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி. கோடையில் மண் காய்ந்தால் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் இதற்காகத்தான். ஒரு பக்கம் எர்த் இல்லாவிட்டால், கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக் என்று நிற்கும் பாடகரின் உடலே இரண்டு கருவிகளுக்கும் பாலமாகிறது. மேடையில் "எர்த் அடிக்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1972 மே 3 அன்று, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். எர்த் பின் இருக்கட்டும். ரீங்காரத்தை வேறு வழியில் பிடிப்போம்.

ஸ்பீக்கரிலிருந்து அல்லாமல் பெட்டிக்குள்ளிருந்தே மெல்லிய முனகல் கேட்டால் அது மின் கோளாறே அல்ல. இரும்பு காந்தமாகும்போது துளியளவு நீளம் மாறுகிறது என்று 1842-ல் இயற்பியலாளர் ஜூல் கண்டார். மீட்டருக்குச் சில மைக்ரான்தான். வடக்கு தெற்கு எப்படி மாறினாலும் நீளும் விதம் ஒன்றே என்பதால், டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் நொடிக்கு நூறு முறை நீண்டு சுருங்குகின்றன. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பாடுவதும் இப்படித்தான். ஆம்ப்ளிஃபையரில் பெரும்பாலும் ஸ்குரூவை இறுக்கினால் அடங்கிவிடும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால், ரிப்பேர்காரர்களின் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது. தடித்த கம்பியை மூன்றாவது கட்டத்தில் அழுத்தி, பலமாக ஒரு மீட்டு. நாதம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ஆம்ப்ளிஃபையரின் சுவிட்சை அணைக்கவேண்டும். பாட்டு நிற்காது. வால்வுகள் இன்னும் சூடாக இருக்கின்றன, தொட்டிகளில் இன்னும் மின்சாரம் மிச்சமிருக்கிறது. ஆனால் நூறு தள்ளுகள் நின்றுவிட்டன, டிரான்ஸ்ஃபார்மரின் புலம் இல்லை, இழைகளில் ஆட்டம் இல்லை. ரீங்காரம் அந்தக் கணமே அறுந்தால் அது ஆம்ப்ளிஃபையரிலிருந்து வந்தது. தொடர்ந்தால் அறையிலிருந்து வந்தது. அறுந்துவிட்டால், தொட்டி வற்றும்வரை சில நொடிகளுக்கு, அந்த ஐந்து கட்டை மட்டும் தனியாக, பின்னால் எந்த முனகலும் இல்லாமல், மெல்லத் தேய்ந்துகொண்டே ஒலிக்கும்.